எந்த நூற்றுக்கு?

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. நெய்க்கும் வெண்ணெய்க்கும் இருந்த 12 சதவீத வரி 5 ஆனது. அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு நெய் பாட்டிலை வைத்து ஒரு வாக்குவாதம் நடந்தது.

பாட்டிலில் அச்சிட்டிருந்த விலை 560 ரூபாய். தெருமுனை மளிகைக் கடையில் 525 வாங்கினார்கள். அம்மா வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "பன்னெண்டு அஞ்சாச்சுன்னா நூத்துக்கு ஏழு கொறையணும்ல? அண்ணாச்சி முப்பத்தஞ்சு ரூவாதான் கொறைச்சிருக்காரு." ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் உடனே நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். "560-ல ஏழு சதவீதம் 39 ரூபா 20 பைசா மாமா. நாலு ரூபா இருபது பைசா ஏமாத்திட்டாரு."

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் முதலில் அம்மா பக்கம்தான். ஆனால் அண்ணாச்சியின் கணக்குதான் சரி, பைசா பிசகவில்லை. எங்கே தவறினோம் என்று அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான், சதவீதக் கணக்கில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறோம் என்று தெரிந்தது.

சதம் என்றால் நூறு. சதவீதம் என்றால் நூற்றுக்கு இத்தனை என்ற வீதம். விழுக்காடு என்றும் எழுதுகிறோம். நூறை வைத்துப் பங்கு சொல்லும் பழக்கம் பழையது. ரோமாபுரியில் அகஸ்டஸ் பேரரசர் ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூறில் ஒரு பங்கு வரி போட்டார். நாம் போடும் % குறி, இத்தாலிய வணிகர்கள் 'நூற்றுக்கு' என்பதை அவசரமாகச் சுருக்கி எழுதி எழுதிப் பிறந்தது. 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் அதன் ஆரம்ப உருவம் இருக்கிறது. ஏன் நூறு? ஒப்பிடுவதற்குத்தான். 40 பேரில் 30 பேர் தேறிய வகுப்பும் 60 பேரில் 42 பேர் தேறிய வகுப்பும் எது தேவலை என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இரண்டையும் நூறாக நினைத்துக்கொண்டால் 75, 70. முடிந்தது.

வாயாலேயே போடும் வழி கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். 10 சதவீதம் என்றால் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளு, 560-ல் 56. அதில் பாதி 5 சதவீதம், 28. இரண்டு இடம் தள்ளினால் 1 சதவீதம், 5 ரூபாய் 60 பைசா. இந்த மூன்றையும் கூட்டிக் கழித்தால் எந்தச் சதவீதமும் வந்துவிடும். 12 சதவீதம் வேண்டுமா, 56-உம் இரண்டு 5.60-உம் சேர்ந்து 67 ரூபாய் 20 பைசா. காகிதம் தேவையில்லை.

இன்னொரு வித்தை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 75-ல் 12 சதவீதம் எவ்வளவு? கஷ்டமாகத் தெரிந்தால் திருப்பிப் போடு: 12-ல் 75 சதவீதம். அதாவது 12-ல் முக்கால், 9. இரண்டும் ஒன்றுதான். எப்படிப் போட்டாலும் 75-ஐயும் 12-ஐயும் பெருக்கி நூறால் வகுக்கிறோம். பெருக்கலில் எது முன்னே வந்தால் என்ன?

இதெல்லாம் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். வழுக்கும் இடம் இதற்கு முன்னால் இருக்கிறது. '75-ல் 12 சதவீதம்' என்று சொல்லும்போது அந்த 'ல்' என்ன வேலை செய்கிறது என்று கவனித்தீர்களா? எதை நூறாக வைத்துக்கொள்வது என்பதை அதுதான் சொல்கிறது. தமிழில் அது முதலிலேயே வந்துவிடுவது நமக்கு வசதி. எதில் என்று சொன்ன பிறகே எத்தனை சதவீதம் என்று சொல்கிறோம். அதனால் அவளிடம் ஒரே ஒரு விதிதான் சொன்னேன். சதவீதத்தைப் பார்த்தவுடன் பெருக்காதே, முதலில் 'இல்'லைத் தேடு.

பாடப்புத்தகத்தில் மூன்று வகைக் கணக்கு என்று பிரித்திருப்பதும் இதற்குள் அடங்கிவிடும். 560-ல் 12 சதவீதம் எவ்வளவு? 40-ல் 30 எத்தனை சதவீதம்? எதில் 12 சதவீதம் 60 ரூபாய்? முழுசு, வீதம், பங்கு மூன்றில் ஒன்றை மறைத்துவிட்டு மற்ற இரண்டைச் சொல்கிறார்கள். முழுசு மறைந்திருக்கும் மூன்றாவது வகைதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. நெய் பாட்டிலில் மறைந்திருந்ததும் அதுதான், ஆனால் அதற்கு அப்புறம் வருகிறேன்.

'இல்'லைச் சொல்லாமல் விழுங்கிவிடும் இடங்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. விளக்குத்தூண் பக்கம் ஆடி மாதத்தில் போனால் '50 + 20 சதவீதம் தள்ளுபடி' என்று பலகை தொங்கும். பார்ப்பவர் மனசு 70 என்று கூட்டிக்கொள்ளும். ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு முதல் 50 சதவீதம் போனால் 500. அடுத்த 20 சதவீதம் ஆயிரத்தில் இல்லை, மிச்சமிருக்கும் 500-ல். அது 100. ஆகக் கழிந்தது 600; தள்ளுபடி 60 சதவீதம்தான். பலகையில் 60 என்று எழுதலாமே என்று கேட்காதீர்கள். கூட்டல் குறி சும்மா வந்து உட்காரவில்லை.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் இதே கணக்கு மேல் நோக்கி ஏறும். சேதாரம் 12 சதவீதம், ஜிஎஸ்டி 3 சதவீதம் என்றால் தங்கத்தின் விலையில் 15 சதவீதம் கூடுதல் என்று நினைப்போம். வரி சேதாரத்துக்கும் சேர்த்துப் போடப்படுவதால் 15.36 வரும். அந்த 0.36 என்பது 12-ல் 3 சதவீதம். சின்னத் தொகைதான், ஆனால் பத்துப் பவுனுக்கு வாங்கும்போது அவ்வளவு சின்னதாக இருக்காது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வாருங்கள். மல்லிகை விலை அங்கே ஏறுவதும் இறங்குவதும் ஊரறிந்த விஷயம். கிலோ 600 ரூபாய்க்குப் போனது முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் 1,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 900, 600-ல் 900 என்பது 150 சதவீதம். "நூறுக்கு மேல சதவீதம் வருமா மாமா?" என்றாள். வரும். பங்கு முழுசுக்குள் அடங்கியிருந்தால்தான் நூறு எல்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது எல்லை கிடையாது. முகூர்த்தம் முடிந்து விலை பழையபடி 600-க்கு வந்தால் இறக்கமும் அதே 900 தான். ஆனால் இப்போது நூறாக நிற்பது 1,500. அதில் 900 என்பது 60 சதவீதம். 150 சதவீதம் ஏறி 60 சதவீதம் இறங்கியது, விலையோ புறப்பட்ட இடத்திலேயே. ஒரே ரூபாய், ஒரே பூ. நூறு மட்டும் இடம் மாறிவிட்டது. பங்குச்சந்தையில் பணம் போட்டவர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொள்வார்கள். 50 சதவீதம் விழுந்தது மறுபடி நிமிர 100 சதவீதம் ஏற வேண்டும்.

வைகை அணையில் வேறு மாதிரியான சிக்கல். முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி ஆனதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை கொடுப்பார்கள். 66-ஐ 71-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 93 சதவீதம். சரி, மட்டம் 35 அடியில் நின்றால் பாதி அணை நிறைந்திருக்கிறதா? உயரத்தில் பாதி, தண்ணீரில் பாதியல்ல. நீர்த்தேக்கம் அடியில் குறுகி மேலே போகப் போக அகலும். ஒரு கூம்புப் புனலின் அடித் துளையை விரலால் அடைத்துப் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே பாதியாவதால் உள்ளே நிற்பது எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம்தான். வைகை அணை சரியான கூம்பு இல்லை, எனவே அதே எண் வராது. ஆனால் பாதி மட்டத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும். அடியில் சதவீதமா, கன அடியில் சதவீதமா என்று கேட்காமல் செய்தியைப் படித்தால் நிம்மதி தவறான இடத்திலிருந்து வரும்.

ஆபத்தான இடம் வட்டி. நம் ஊரில் 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வங்கிக்காரர் 9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்று சிறியது என்று நினைத்துவிடக் கூடாது, அது ஆண்டுக்கு 36. இங்கே விழுங்கப்பட்டது காலம். நூறையே விழுங்குவதும் உண்டு. பத்தாயிரம் கடன், பத்து வட்டி, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். மாதம் 1,000 கட்டுவது பத்தாயிரத்துக்கு என்று பேச்சு. கைக்கு வந்ததோ 9,000. அதில் 1,000 என்பது 11.1 சதவீதம்.

தண்டல் இதைவிட நுணுக்கமானது. தண்டல்காரர் 9,000 கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வந்து வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000. நூறு நாளுக்கு 11 சதவீதம்தானே, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் உங்களிடம் இல்லை. முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் நாள் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது 4,500 சொச்சம். அதற்கு 1,000 ரூபாய் என்றால் நூறு நாளில் 22 சதவீதம், ஆண்டுக் கணக்கில் எண்பதை ஒட்டி வந்துவிடும். 2003-ல் தமிழ்நாட்டில் வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்பவற்றோடு தண்டலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருப்பது சும்மா இல்லை. ஏழாம் வகுப்பில் சதவீதத்தோடு தனிவட்டியையும் சேர்த்து வைத்திருப்பதற்குப் பதில், அந்தப் பாடத்தில் இந்தத் தண்டல் கணக்கு ஒன்றைப் போட்டிருந்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இனி நெய். 560 என்பது வரியும் சேர்ந்த விலை. 12 சதவீதம் எதில் போட்டது? வரிக்கு முந்தைய விலையில். அது பாட்டிலின் மேல் எழுதியிருக்காது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 560-ல் 12 சதவீதத்தைக் கழித்தால் வந்துவிடும் என்று அக்கா மகள் கழித்தாள். 492 ரூபாய் 80 பைசா. அதில் 12 சதவீதத்தைத் திரும்பக் கூட்டிப் பார் என்றேன். 551 ரூபாய் 94 பைசாதான் வந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஏற்றும்போது நூறு ஒன்று, இறக்கும்போது நூறு வேறு, மல்லிகைக்கு நடந்ததேதான்.

வரிக்கு முந்தைய விலையை 100 என்று வைத்தால் வரியோடு 112. அந்த 112 பங்குதான் 560 ரூபாய். ஒரு பங்கு 5 ரூபாய், 100 பங்கு 500 ரூபாய். புது வரி 5 சதவீதம், 25 ரூபாய். ஆக 525. அண்ணாச்சி வாங்கியது அதே 525.

அம்மா சொன்ன 'நூத்துக்கு ஏழு'ம் பொய்யில்லை. அது 500-ல் ஏழு சதவீதம், 35 ரூபாய். அவள் அதை 560-ல் போட்டுவிட்டாள், அவ்வளவுதான். இந்த ஒரு மாற்றத்தையே மூன்று விதமாகச் சொல்லலாம். வரி விகிதம் 12-லிருந்து 5 ஆனது, அதாவது 7 சதவீதப் புள்ளி குறைந்தது. கட்டும் வரி 60 ரூபாயிலிருந்து 25 ஆனது, அதாவது 58 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நெய் விலை 112-ல் 7, அதாவது 6.25 சதவீதம் குறைந்தது. மூன்றும் உண்மை. பாராட்டுகிறவர் 58-ஐச் சொல்வார், குறை சொல்கிறவர் 6.25-ஐச் சொல்வார்.

இத்தனையையும் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது அப்பத்தா. வயது 87. அதன் அப்பாவுக்குக் கீழமாசி வீதியில் மளிகைக் கமிஷன் கடை. சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லி வளர்ந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வருகிறவரை நம் ரூபாயில் நூறு கிடையாது, பதினாறு அணாதான். பின்னமும் அதற்கேற்ப பாதி பாதியாக இறங்கும்: அரை, கால், அரைக்கால், மாகாணி. இன்றைய பாஷையில் 50, 25, 12.5, 6.25 சதவீதம். இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர்; அது சரியாக 5 சதவீதம். இருமா 10, நாலுமா 20. எண்பதில் ஒன்று காணி. மாவும் காணியும் சேர்ந்ததே மாகாணி.

"அம்புட்டுப் பெரிய காயிதம் எதுக்குடா?" என்றது அப்பத்தா. "ரூவாய்க்கு ஓரணா கொறைச்சிருக்கான். ஐந்நூத்தி அறுவதுக்குப் பதினாறுல ஒண்ணு என்ன?"

அக்கா மகள் வகுத்துப் பார்த்தாள். 35.