எச்டிபிசி: இல்லத் திரைக் கணினி

எச்டிபிசி என்பது ‘ஹோம் தியேட்டர் பர்சனல் கம்ப்யூட்டர்’ என்பதன் சுருக்கம். கூடத்தில் இருக்கும் பெரிய டிவியோடு நிரந்தரமாக இணைத்து, ரிமோட்டில் இயக்கி, படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் வைத்திருக்கும் சிறிய கணினியைக் குறிக்கிறது. மடிக்கணினியை ஒரு கேபிளில் டிவிக்குச் சொருகிப் படம் பார்த்தால் அது எச்டிபிசி ஆகிவிடாது. சத்தம் கேட்காமல் ஓட வேண்டும், சோபாவை விட்டு எழாமல் எல்லாம் நடக்க வேண்டும், படத்தின் பிரேம் வேகமும் நிறமும் கோப்பில் உள்ளபடியே திரைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் பெயர் பொருந்தும்.

தமிழ்ப் பேச்சில் இந்தப் பெயர் ஒரு குழப்பத்தைக் கூடவே கொண்டுவருகிறது. ‘ஹோம் தியேட்டர்’ என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட செட்தான் நினைவுக்கு வரும். வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறது என்பவர் திரையைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால் ‘ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்’ என்றதும், ஸ்பீக்கர் செட்டில் சொருகும் ஏதோ ஒரு பெட்டி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இந்தக் கருவியின் முதல் வேலை படம், ஒலி அதற்கு அடுத்தது. தமிழ்ப் பெயர் வைக்கும்போது முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

பெயர் வந்த வழி

கணினியை டிவி இருக்கும் அறைக்குக் கொண்டுவரும் முயற்சி 1990களின் நடுவில் தொடங்கியது. கேட்வே 2000 நிறுவனம் 1996இல் 31 அங்குல மானிட்டரும் கம்பியில்லா விசைப்பலகையும் சேர்த்து ‘டெஸ்டினேஷன்’ என்ற கணினியை விற்றது. ஆனால் இந்தத் துறைக்கு உருவம் கொடுத்த ஆண்டு 2002தான். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பு, லினக்ஸுக்கான மித்டிவி, பின்னாளில் எக்ஸ்பிஎம்சி ஆக வளர்ந்த எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் ஆகிய, டிவியில் படமும் பாட்டும் ஓட்டும் மூன்று மென்பொருள்களும் அந்த ஆண்டில் வந்தவை. எக்ஸ்பிஎம்சிக்கு 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாறியது. 2015இல் வந்த விண்டோஸ் 10 மீடியா சென்டரைக் கைவிட்டுவிட்டது. கோடி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தியேட்டர் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘தெயாத்ரோன்’ என்றால் பார்க்கும் இடம்; பார்வையாளர்கள் உட்காரும் படிவரிசையைத்தான் முதலில் அது குறித்தது. தமிழின் ‘அரங்கு’ எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அது ஆடுபவர் ஏறி நிற்கும் மேடை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவே தருகிறது. சினிமா வந்த பிறகு ‘திரை’யைச் சேர்த்துத் திரையரங்கு ஆக்கினோம்.

‘வீட்டு அரங்குக் கணினி’ என்றால் நாடகமேடைக்கான கணினி என்று தோன்றும். ‘இல்லத் திரையரங்கக் கணினி’ பொருளில் தவறில்லை, ஆனால் வாயில் நுழையாது. தனி அறை கட்டி நாற்காலி வரிசை போட்டவர்களுக்கானது என்ற எண்ணத்தையும் தரும். ‘கூடக் கணினி’ சுருக்கமாக இருக்கிறது. ‘கூட’ என்ற இடைச்சொல் குறுக்கே வந்து ‘கணினி கூட’ என்பதைத் திருப்பிப் போட்டதுபோல் ஒலிப்பதால் அதையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது ‘இல்லத் திரைக் கணினி’. ஒலிப்பெட்டி என்ற மயக்கம் இதில் இல்லை. பேச்சில் ‘திரைக்கணினி’ என்றே சுருக்கலாம்.

இந்தப் பெயரில் இன்னொரு வசதியும் உண்டு. கட்டுபவர் தீர்க்க வேண்டிய சிக்கல்களை அதன் மூன்று பகுதிகளும் தனித்தனியாகச் சுட்டுகின்றன.

கணினி

இது மூன்றிலும் எளிய பகுதி. 4கே படத்தை ஓட்டப் பெரிய செயலி வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். சுருக்கி வைத்த படக்கோப்பை விரிப்பது செயலியின் கோர்கள் அல்ல, கிராஃபிக்ஸ் பகுதிக்குள் இருக்கும் தனி டிகோடர். கோப்பைச் சுருக்கிய முறைக்குக் கோடெக் என்று பெயர். அந்த டிகோடருக்குத் தெரிந்த கோடெக் என்றால் 6 வாட் செயலியும் அலட்டிக்கொள்ளாது. தெரியாத கோடெக் என்றால் விலையுயர்ந்த செயலிக்கும் விசிறி அலறும். எச்இவிசி, ஏவி1 என்ற இரண்டு கோடெக்குகளில், இன்டெலில் 10 பிட் எச்இவிசி முழுமையாக வந்தது 7ஆம் தலைமுறையில், ஏவி1 வந்தது 11ஆம் தலைமுறையில். பழைய 6ஆம் தலைமுறைக் கணினியைத் திரைக்கணினி ஆக்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அது 8 பிட் எச்இவிசியைச் சுலபமாக ஓட்டும், 10 பிட்டில் வரும் எச்டிஆர் (வெளிச்ச வீச்சு கூடிய) படத்தைப் போட்டதும் திணறும். ராஸ்பெரி பை 5 என்ற சிறு பலகைக் கணினியில் வன்பொருள் டிகோடர் எச்இவிசிக்கு மட்டும்தான். மேசைக்கணினிச் செயலி வாங்கினால் பெயர் எஃப் என்று முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது.

படம் மட்டும்தான் நோக்கம் என்றால் 2023இல் வந்த இன்டெல் என்100 போதும். நான்கு கோர், 6 வாட், ஏவி1 வரை டிகோடர் எல்லாம் அதில் உண்டு. நினைவகம் ஒரே சேனல் என்பதால் 8 ஜிபிக்கு ஒரு துண்டு. தனியாகப் பலகை (மதர்போர்டு) வாங்கிக் கட்டுவதென்றால் மினி ஐடிஎக்ஸ் அளவு, அதாவது 170 மி.மீ. சதுரம், இதில் இரண்டு சேனல் உள்ள செயலி என்றால் நினைவகத்தை 4 ஜிபி வீதம் இரண்டு துண்டாகப் போடுங்கள், உள்கிராஃபிக்ஸுக்கு இரட்டைச் சேனல் வேகம் கிடைக்கும். இயங்குதளத்துக்கு 250 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். படக்கோப்புகளுக்கான 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அதன் உறுமலும் அதிர்வும் மரச்சட்டத்தில் ஏறிக் கூடம் முழுக்கக் கேட்கும். வேறு அறையில் நாஸ் என்ற பிணையச் சேமிப்புப் பெட்டியில் போட்டு, லேன் கேபிளில் எடுத்து ஓட்டுவதே சரி. யுஎச்டி புளூரே தட்டின் தரவு நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடும் என்பதால் 100 மெகாபிட் போர்ட் போதாது, கிகாபிட் வேண்டும்.

கட்டி முடித்ததும் ஒரு சோதனை. கோடியில் படம் ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில ‘ஓ’ எழுத்தை அழுத்தினால் திரையில் டிகோடர் பெயர் தெரியும். பக்கத்தில் ஹார்டுவேர் என்பதற்கான எச்டபிள்யூ குறி இருந்தால் சரி. இல்லையென்றால் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறது, அல்லது அந்தக் கோடெக் உங்கள் சிப்புக்குத் தெரியாது.

திரை

பெரும்பாலானோர் பாதியில் விட்டுவிடும் பகுதி இதுதான். படம் வந்துவிட்டது, சத்தம் வந்துவிட்டது, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் பிரேம் வேகம். சினிமா நொடிக்கு 24 பிரேம், சரியாகச் சொன்னால் பெரும்பாலான கோப்புகளில் 23.976. டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு பிரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் இது நடுக்கமாகத் தெரியும். இணையத்தையோ கோப்பையோ குறைசொல்லிப் பயனில்லை. கோடியில் பிளேயர் அமைப்புக்குள் வீடியோ பிரிவில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட் ஸ்டாப்’ ஆக்க வேண்டும். பிறகு சிஸ்டம் அமைப்பின் டிஸ்ப்ளே பகுதியில் ‘வொயிட்லிஸ்ட்’டைத் திறந்து உங்கள் டிவி ஏற்கும் 23.976, 24, 25, 50, 59.94, 60 ஆகியவற்றைக் குறியிட வேண்டும். இந்த வரிகள் கண்ணில் படவில்லை என்றால் அமைப்பு நிலையை ‘எக்ஸ்பர்ட்’டுக்கு மாற்றுங்கள். பட்டியலில் 24ஐ மட்டும் குறித்து 23.976ஐ விட்டுவிட்டால் நடுக்கம் போய்விடும், ஆனால் ஏறக்குறைய 42 விநாடிக்கு ஒருமுறை ஒரு பிரேம் தடுக்கும்.

அடுத்தது கறுப்பு. வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினிக்கோ கறுப்பு 0, வெள்ளை 255. கணினி 16 முதல் 235 வரை அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் இருட்டுக் காட்சி சாம்பல் பூசினாற்போல் வெளுக்கும். தலைகீழாக மாறினால் நிழலில் உள்ள முகமே காணாமல் போகும். கோடி, கிராஃபிக்ஸ் டிரைவர், டிவி ஆகிய மூன்றிலும் இந்த அமைப்பு இருப்பதால் மூன்றையும் மாற்றி மாற்றித் திருகுவது வீண். டிரைவரில் ஒன்றைத் தேர்ந்து, டிவியின் எச்டிஎம்ஐ பிளாக் லெவலை அதற்கு ஒத்துவைத்துவிட்டு, கோடியைத் தொடாமல் விடுங்கள்.

4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற மறுத்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். பழைய பலகைகளின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கேவில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதே பலகையில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால், எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டரில் தப்பிக்கலாம். கேபிள் 18 கிகாபிட் தாங்காததாக இருக்கலாம். மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை: டிவியிலேயே அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ‘என்ஹான்ஸ்டு’ அல்லது ‘டீப் கலர்’ என்ற அமைப்பு அணைந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒலியில் முக்கியமான சொல் ‘பாஸ்த்ரூ’. கணினி ஒலியைப் பிரிக்காமல், அப்படியே, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குக் கடத்துவது. தமிழில் ‘நேர்கடத்தல்’ எனலாம். விண்டோஸில் கோடியின் ஒலிச் சாதனப் பட்டியலில் வாசாபி என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே’யும் நேர்கடத்தலும் ஒன்றாக ஓடா, ஆகவே முதலாவதை அணைத்துவிடுங்கள். டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் சாதாரண ஏஆர்சியில் ரிசீவருக்குப் போனால், தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி ஒலி வராது. அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும், இல்லையென்றால் கணினியை ரிசீவருக்கும் ரிசீவரை டிவிக்கும் இணைக்க வேண்டும்.

இல்லம்

வீட்டில் வைக்கும் கணினிக்கு முதல் எதிரி விசிறி. 40 மி.மீ. விசிறி சின்னதாக இருப்பதாலேயே வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். 92 அல்லது 120 மி.மீ. விசிறி நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்றில் அதே காற்றைச் சத்தமில்லாமல் தள்ளும். பெட்டி எவ்வளவு ஒல்லி என்பதில் மயங்கி வாங்குபவர்கள் விசிறிக்கு இடமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். கூலரின் உயரத்தை மட்டும் பார்க்காமல், அதன் மேல் மூடிக்கு எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்றும் பாருங்கள். துளையிட்ட மூடிக்கு ஒட்டினாற்போல் விசிறி வந்தால் ‘விர்ர்’ என்ற தனி இரைச்சல் எழும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில், சூட்டுக்கேற்ப வேகத்தை மாற்றும் விசிறி வளைகோட்டை 60 டிகிரி வரை ஒரே வேகத்தில் சமமாக வைத்துவிட வேண்டும். தொடர்ந்து வரும் மெல்லிய ஒலியைக் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது. கதவு மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் இவ்வளவும் வீண். வெளியேறும் சூட்டையே பெட்டி மறுபடி உறிஞ்சும்.

ரிமோட் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. டிவி ரிமோட்டிலேயே மற்றக் கருவிகளை இயக்கும் சிஇசி வசதி கணினிகளின் எச்டிஎம்ஐயில் பொதுவாக இல்லை. அதற்கு யுஎஸ்பி சிஇசி அடாப்டர் தனியாக வாங்க வேண்டும், அல்லது யுஎஸ்பியில் செருகும் அகச்சிவப்பு ஏற்பி போதும். தூங்கும் கணினியை ரிமோட் எழுப்ப மறுத்தால் பயாஸில் ‘இஆர்பி’ என்ற மின்சேமிப்பு அமைப்பை அணையுங்கள். அது யுஎஸ்பிக்குப் போகும் காத்திருப்பு மின்சாரத்தையே வெட்டிவிடும். கம்பியில்லா விசைப்பலகை விட்டுவிட்டு வேலை செய்தால் பேட்டரியைக் குறைசொல்வதற்கு முன் கணினியில் செருகும் அதன் டாங்கிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டும் அதில் ஓடும் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கசியவிடும். டாங்கிளை ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளில் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

டிவியை அணைத்துப் போட்டால் தெளிவு குறைந்து, ஒலியும் காணாமல் போவது இன்னொரு வழக்கமான புகார். டிவி தன் திறன்களைச் சொல்லும் ஈடிஐடி தகவல் அணைந்த நேரத்தில் அறுந்துபோவதால், கணினி மிகக் குறைந்த அமைப்புக்கு இறங்கிவிடுகிறது. டிவி, ரிசீவர், கடைசியாகக் கணினி என்ற வரிசையில் எழுப்பினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் அந்தத் தகவலை நினைவில் வைத்திருக்கும் ஈடிஐடி எமுலேட்டரைக் கேபிளின் நடுவே செருகலாம்.

பக்கத்துச் சொற்களோடு கலக்காமல் இருப்பதும் தேவை. ‘மினி பிசி’ அளவைச் சொல்லும் பெயர், வேலையைச் சொல்வதல்ல. மினி பிசியைத் திரைக்கணினி ஆக்கலாம், பில் போடவும் வைக்கலாம். ‘மீடியா சர்வர்’ படங்களைச் சேமித்து வேறு கருவிகளுக்கு வழங்குவது, அதில் திரையே இல்லாமலும் இருக்கலாம். ‘ஸ்ட்ரீமிங் பெட்டி’ நிறுவனம் அனுமதித்த ஆப்களை மட்டும் ஓட்டுவது. கட்டணச் சேவைகள் மட்டுமே பார்ப்பவருக்கு அந்தப் பெட்டிதான் நல்லது. சில சேவைகள் கணினியில் 4கே தருவதற்குக் குறிப்பிட்ட பிரவுசரையும் விண்டோஸையும் கேட்கின்றன, லினக்ஸில் தெளிவைக் குறைத்துவிடுகின்றன. சொந்தக் கோப்புகள் நிறைய வைத்திருப்பவருக்கும், அமைப்பை ஒவ்வொன்றாகத் தன் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள நினைப்பவருக்கும்தான் இல்லத் திரைக் கணினி.