பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லை நீக்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் என்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குள்ளேயே ஃபங்ஷன் எழுத உதவும் மொழி. போஸ்ட்கிரெஸ் சர்வர்களைப் பரிசோதிக்கப் போகும் இடங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் நாங்கள் கேட்காமலே இருக்கிறதே, பாதுகாப்புக்காக எடுத்துவிடலாமா?" தேவையில்லை.

2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து அது புது டேட்டாபேஸ்களில் தானாகவே இருக்கிறது. முன்பு 'கிரியேட் லாங்குவேஜ்' கொடுத்து நாமே சேர்க்க வேண்டியிருந்தது. லூப் எழுதி சர்வரைத் திணறடிக்கலாம் என்ற பயம் நியாயம்தான், ஆனால் வெறும் எஸ்க்யூஎல்லில் எண்களை வரிசையாகத் தரும் ஜெனரேட் சீரீஸை நாலு தடவை கிராஸ் ஜாயின் செய்தாலும், அதாவது ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தாலும், சர்வர் படுத்துவிடும். இது 'டிரஸ்டட்' மொழி, அதாவது சர்வரின் ஃபைல்களையோ ஆபரேட்டிங் சிஸ்டத்தையோ தொடுவதற்கு மொழியிலேயே வழி கிடையாது. பைத்தானில் ஃபங்ஷன் எழுத உதவும் பிஎல்/பைத்தான் அப்படியில்லை, அது அன்டிரஸ்டட், அதைச் சேர்த்திருந்தால் யார் சேர்த்தார்கள், எதற்கு என்று கண்டிப்பாகக் கேளுங்கள்.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு ஃபங்ஷன் எழுதினால், அதை இயக்கும் அனுமதி நீங்கள் கேட்காமலே பப்ளிக்குக்கு, அதாவது எல்லா யூசருக்கும் போய்விடும். சாதாரண ஃபங்ஷன் என்றால் கூப்பிடுகிறவரின் உரிமையோடுதான் ஓடும், பெரிய ஆபத்தில்லை. 'செக்யூரிட்டி டிஃபைனர்' போட்டிருந்தால் எழுதியவரின், அதாவது அதன் ஓனரின், உரிமையோடு ஓடும், அந்த எழுதியவர் பல இடங்களில் எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசராகவே இருக்கிறார், ஏனென்றால் டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டை அந்த லாகினில்தான் ஓட்டுகிறார்கள்! இதில் சர்ச் பாத்தையும் (டேபிள், ஃபங்ஷன் பெயர்களை எங்கெங்கே தேடுவது என்ற வரிசை) கட்டிப்போடாமல் விட்டால், இன்னொரு யூசர் அதே பெயரில் ஒரு டெம்பரரி டேபிள் உருவாக்கி, ஃபங்ஷன் அசலை விட்டுவிட்டு அதைப் படிக்கும்படி செய்துவிடலாம். அதனால் சர்ச் பாத்தை ஃபங்ஷனிலேயே எழுதுங்கள், டெம்பரரி டேபிள்கள் இருக்கும் பிஜி டெம்ப் அதில் கடைசியாக இருக்கட்டும். பப்ளிக்கிடமிருந்து எக்ஸிக்யூட் (இயக்கும்) அனுமதியை ரிவோக் செய்வதையும், அதாவது திரும்பப் பெறுவதையும், ஃபங்ஷன் உருவாக்கும் அதே டிரான்ஸாக்ஷனில் செய்யுங்கள், நடுவில் ஒரு நொடிகூடத் திறந்திருக்கக் கூடாது.

2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு, டேட்டாபேஸில் முதலிலேயே இருக்கும் பொதுத் தொகுப்பான பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம் என்ற வழக்கத்தை நிறுத்தியது. ஆனால் பழைய டேட்டாபேஸை, பதிப்பை உயர்த்தும் கருவியான பிஜி அப்கிரேடில் ஏற்றியவர்களுக்குப் பழைய அனுமதிகள் அப்படியே கூடவே வந்திருக்கும், பலருக்கு இது தெரிவதில்லை.

பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மொழியின் மேல் உள்ள யூசேஜ் (பயன்படுத்தும்) உரிமையைப் பறித்தால் போதுமா? புதிதாக எழுதுவதையும் ஃபங்ஷன் உருவாக்காமலே கோடை ஓட்டும் 'டூ' பிளாக்கையும்தான் அது தடுக்கும், ஏற்கெனவே உள்ள ஃபங்ஷன்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்புறம், ஃபங்ஷன்களின் பட்டியலான பிஜி பிராக் கேட்டலாகில் 'புரோசெக்டெஃப்' என்ற நெடுவரிசையில் ட்ரூ என்று இருக்கும், அதாவது செக்யூரிட்டி டிஃபைனர் போட்ட, ஃபங்ஷன்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓனர் யார் என்று இன்றைக்கே பாருங்கள்.