லா வெனேனோ: சொல்லும் பொருளும்

ஸ்பானிய மொழியில் 'வெனேனோ' என்றால் நஞ்சு. அது ஆண்பால் பெயர்ச்சொல். அதற்கு முன்னால் 'எல்' என்ற ஆண்பால் சுட்டு வரவேண்டும். 'எல் வெனேனோ' என்பதுதான் இலக்கணம். ஆனால் 1990களில் ஸ்பெயின் முழுக்கத் தெரிந்த பெயர் 'லா வெனேனோ'. 'லா' பெண்பால் சுட்டு. அந்தப் பெயருக்கு உரியவர் கிறிஸ்தினா ஓர்தீஸ் ரோத்ரிகெஸ் என்ற திருநங்கை.

1964இல் தெற்கே அல்மேரியா மாகாணத்தின் ஆத்ரா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். மாட்ரிட் நகரின் மேற்குப் பூங்காவில் பாலியல் தொழில் செய்துகொண்டிருந்தபோது, 1996இல் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் அவரைப் பேட்டி கண்டார். பேப்பே நவாரோ நடத்திய 'இன்றிரவு மிசிசிப்பியைக் கடக்கிறோம்' என்ற நள்ளிரவு நிகழ்ச்சிக்கான பேட்டி அது. கூச்சமில்லாத, கூர்மையான அந்தத் தெற்கத்திப் பேச்சு பார்த்தவர்களைக் கட்டிப்போட்டது. அப்புறம் அதே நிகழ்ச்சியில் தொடர்ந்து தோன்றினார், பாட்டும் பதிவுசெய்தார். அவருடைய வாழ்க்கையை அவரே சொல்ல, வலேரியா வேகஸ் எழுதிய நினைவுநூல் 2016இல் வந்தது. வேகஸும் ஒரு திருநங்கை. நூல் வெளியான சில வாரங்களிலேயே, அந்த ஆண்டு நவம்பரில், ஓர்தீஸ் காலமானார். 2020இல் அந்த நூலை வைத்து எடுத்த 'வெனேனோ' என்ற தொடர்தான் ஸ்பெயினுக்கு வெளியிலும் அவரைக் கொண்டுசேர்த்தது.

இந்தப் பெயரைத் தமிழில் எழுதப்போகிறவருக்கு 'நஞ்சு' என்ற ஒரு சொல் போதுமா? சொல்லின் பிறப்பைப் பார்த்தால் போதாது என்று தெரிகிறது.

'வெனேனோ' லத்தீனின் 'வெனேனும்' என்பதிலிருந்து வந்தது. அதன் வேர் 'ஆசைப்படு, விரும்பு' என்ற பொருளுடையது. காதல் தெய்வம் வீனஸின் பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். ஆகவே 'வெனேனும்' முதலில் காதலைத் தூண்டக் கொடுக்கும் வசியக் கலவையைக் குறித்தது, பிறகுதான் கொல்லும் பொருளாக மாறியது என்று சொற்பிறப்பியலாளர்கள் கருதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் 'வன்' என்ற வினை இதே குடும்பம். விரும்பப்பட்டவள் என்ற பொருளில் அதிலிருந்து வந்த 'வனிதா' தமிழில் 'வனிதை' ஆயிற்று. வெனேனோவுக்கும் வனிதைக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

'விஷம்' வேறு குடும்பம். அதற்கு லத்தீனில் உறவுச்சொல் 'வீருஸ்', அதாவது நாம் இன்று காய்ச்சலுக்குக் காரணம் சொல்லும் வைரஸ். 'நஞ்சு' தமிழின் சொந்தச் சொல். குறளில் இருக்கிறது, கன்னடத்திலும் மலையாளத்திலும் உறவு இருக்கிறது.

காயுஸ் என்ற ரோமானியச் சட்ட அறிஞர், 'வெனேனும்' என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று எழுதினார். குணப்படுத்தும் மருந்துக்கும் அவர்களிடம் அதுதான் பெயர். இதைப் படிக்கும் தமிழருக்கு உடனே 'மருந்து' நினைவுக்கு வரவேண்டும். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. மயக்கிவிட்டாள் என்பதற்கு 'மருந்து வைத்துவிட்டாள்' என்கிறோம். இடுமருந்து என்ற தனிச்சொல்லே இருக்கிறது. குணமாக்குவது, கொல்வது, வசியம் செய்வது மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். இன்றைய ஸ்பானியப் பொருளுக்கு நேர் தமிழ் 'நஞ்சு'. சொல்லின் பழைய பொருளுக்கு நேர் தமிழ் 'மருந்து'. ஓர்தீஸ் 1996இல் பாடிய பாட்டின் தலைப்பு, உன் தோலுக்கு நஞ்சு என்று பொருள்படும். அதில் ஒலிப்பது கொல்லும் நஞ்சைவிட இந்த வசிய மருந்துதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் 'விஷக்கன்னி' என்று போடலாமே என்று கை துறுதுறுக்கும். கூடவே கூடாது. விஷக்கன்னி, பகை அரசனைக் கொல்ல வேறொருவர் நஞ்சூட்டி வளர்த்த பெண்; ஏவியவர் கையில் அவள் ஓர் ஆயுதம், அவ்வளவுதான். தன் வாய்ப்பேச்சால் பேர் வாங்கிய ஒருவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? 'விஷப் பெண்' இன்னும் மோசம். நம் பேச்சில் அது வஞ்சகக்காரி என்று திட்டுவதாகிவிடும்.

இனி 'லா'. பெண்ணின் பட்டப்பெயருக்கு முன்னால் 'லா' சேர்ப்பது ஸ்பெயினில் நெடுநாள் பழக்கம், குறிப்பாகத் தெற்கே ஆந்தலூசியாவின் பாடகிகளுக்கு. லோலா ஃபுளோரெஸை 'லா ஃபராவோனா' என்றார்கள். உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் குரலாக நின்ற தோலோரெஸ் இபார்ரூரி 'லா பசியோனாரியா'. அது புகழுக்குக் கிடைக்கும் அடை. ஓர்தீஸின் பெயரில் அந்த அடை இன்னொரு வேலையும் செய்கிறது. சொல் ஆண்பாலாகவே இருக்க, ஆளைப் பெண் என்று சொல்கிறது.

2003இல் சிறைத்தண்டனை பெற்றபோது அரசு அவரை ஆண்கள் சிறையில் அடைத்தது. ஊர் முழுக்க 'லா' என்று கூப்பிட்ட ஒருவரை! அறுவை சிகிச்சை இல்லாமலேயே ஆவணங்களில் பாலினத்தைத் திருத்த ஸ்பெயின் சட்டம் இடம்கொடுத்தது 2007இல்தான். இதனால்தான் 'லா'வை வெட்டிவிட்டு 'வெனேனோ' என்று மட்டும் அவரை எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தொடரின் பெயர் 'வெனேனோ', சரி. ஆள் 'லா வெனேனோ'.

தமிழில் பெயருக்கு முன் இப்படிப் பால்காட்டும் சுட்டு வருவதில்லை. பாலைப் பெயரின் விகுதியும் வினைமுற்றும்தான் காட்டுகின்றன. 'நஞ்சு' அஃறிணை, 'வந்தது' என்றுதான் முடியும். 'அவர் வந்தார்' என்று மரியாதையோடு எழுதினால் பால் தெரியாது. நஞ்சாள், நஞ்சுக்காரி என்றெல்லாம் ஆக்கிப் பார்க்கலாம். முதலாவது யாருக்கும் பழக்கமில்லாதது, இரண்டாவது நஞ்சு விற்பவள் போல் இருக்கிறது. ஆகவே பெயரை 'லா வெனேனோ' என்றே ஒலிபெயர்த்து, முதல் முறை வரும்போது 'நஞ்சு என்று பொருள்படும் பெண்பாற் பட்டப்பெயர்' என்று ஒரு வரி விளக்கம் தருவதே நல்லது. ஸ்பானியர் வாயில் முதலெழுத்து 'ப'வை மென்மையாக ஒலிப்பதுபோல் இருக்கும். ஆனாலும் 'பெனேனோ' என்று எழுதினால் தமிழர் வல்லோசையாகப் படித்துவிடுவார்கள், 'வெ' இருக்கட்டும். அழுத்தம் 'னே'யில் விழுவதால் அதை நெடிலாக எழுதுவது பொருத்தம்.

முழுப்பெயர் வேண்டிய இடத்தில் மேற்குப் பூங்காவில் 2019இல் வைத்த நினைவுப் பலகையின் முறையைப் பின்பற்றலாம். அதில் முதலில் கிறிஸ்தினா ஓர்தீஸ் என்ற பெயர், அதையடுத்து மேற்கோள் குறிக்குள் லா வெனேனோ, அப்புறம் 90களில் வெளிப்படையாக வாழ்ந்த துணிச்சலான திருநங்கை என்ற பொருளில் ஒரு வரி. அந்தப் பலகையை யாரோ திருடிப் போனார்கள். மாநகரம் புதிதாக இன்னொன்று வைத்தது.