பற்றரி நல்லது, இன்வேட்டர் ஏன் கத்துகிறது?

லைற் எரிகிறது, ஃபான் சுற்றுகிறது, கேத்திலைப் போட்டால் மட்டும், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வேட்டர் கீ என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. வானுக்குப் பின்னால் தங்குமிட ரெயிலரை இழுத்துக்கொண்டு கசூரினாக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களும் சரி, நல்லூர்த் திருவிழாவுக்கு ஐஸ்கிறீம் வண்டி போடுகிறவர்களும் சரி, உடனே புதுப் பற்றரிக்கு விலை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். காசைக் கொடுக்க முதல் மல்ரிமீற்றரை ஒருக்கா எடுங்கள்.

வீட்டில் 230 வோல்ற்றில் 1000 வாற் கேத்தில் இழுப்பது 4 அம்பியருக்குச் சற்று மேல். அதையே 12 வோல்ற் பற்றரியில் ஓட்டினால், இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்து 90 அம்பியராவது வயரில் ஓட வேண்டும். இப்போது ஏதோ ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள், சாதாரண மீற்றரை ஓமில் வைத்துப் பார்த்தால் அகப்படவே அகப்படாத அளவு, ஆனால் 90 அம்பியர் அதைக் கடக்கும்போது 1.8 வோல்ற் அங்கேயே போய்விடும், 160 வாற் வெறும் சூடாகும். பற்றரி முனையில் 12.2 நின்றாலும் இன்வேட்டருக்குக் கிடைப்பது 10.4தான். 10.5 அளவில் பல இன்வேட்டர்கள் தாமாக நின்றுவிடும். ஒரு அம்பியர் இழுக்கிற லைற்றுக்கோ அதே இணைப்பில் போவது 0.02 வோல்ற், அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்தத் தடை பெரும்பாலும் எர்த்தில்தான், அதாவது கரண்ட் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பிப்போகிற வழியில்தான் இருக்கும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கிய எர்த் போல்ற்றைக் கழற்றினால், வெளியே பெயின்ற் மினுங்க, வளையத்துக்குக் கீழே பழுப்புத் துரு. உப்புக்காற்றுக்கு இது பிடித்த இடம். பிரேக் மிதிக்க ரெயிலரின் சிக்னல் லைற்றும் மங்கலாக எரிகிறதா? அதுவும் இதே கோளாறுதான்: திரும்பிப்போக எர்த் இல்லாத கரண்ட் பக்கத்து பல்ப்புக்குள்ளால் வழி தேடுகிறது.

சோதிப்பது சுகம். லோட் ஓடும்போது, அதாவது கேத்தில் போட்டிருக்கும்போது, கத்துகிற அந்தச் சில வினாடி போதும், மீற்றரை டீசி வோல்ற்றில் வைத்து ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் குமிழிலும் மற்றதை இன்வேட்டரின் மைனஸிலும் பிடியுங்கள். வயர் வளையத்தில் பிடிக்க வேண்டாம், ஈயக் குமிழிலேயே பிடியுங்கள், ஏனென்றால் சந்தேகம் அந்த இரண்டுக்கும் இடையில்தான். 0.1, 0.2 காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ற்றைத் தாண்டினால் கள்ளன் அந்தப் பாதையில் இருக்கிறான். பிளஸ் பக்கமும் இப்படியே.

இரண்டு பக்கமும் சுத்தம், சில மணித்தியாலம் சும்மா விட்ட பற்றரி 12.6 காட்டுகிறது, லோட் போட்டவுடன் அதன் குமிழிலேயே 10க்குக் கீழே விழுகிறது என்றால், சரி, அப்போது கடைக்குப் போங்கள். 230 வோல்ற் பக்கம் றிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தால் அது வயர்மனின் வேலை, கை வைக்காதீர்கள்.

இணைப்பைச் சுத்தம் செய்ய அரத்தாளும் கொஞ்சம் கிறீஸும் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். மாறிச் செய்தால் பிளஸில் நிற்கிற ஸ்பானர் வண்டியின் இரும்புப் பொடியில் (உடம்பில்) முட்டிப் பொறி பறக்கும்.