பூங்காவுக்கு வாசல் எந்தப் பக்கம்?

ஒரு நகர்ப்பகுதியில் 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுரமாக, அதாவது 4 ஹெக்டேரில், புதிய பூங்கா அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. நாலாபுறமும் மதில், தெற்குப் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வாசல். வடக்கு மதிலின் நடுப்பகுதிக்கு எதிர்வீட்டில் இருப்பவர் ஜன்னலைத் திறந்தால் மரங்கள் தெரியும். ஆனால் உள்ளே கால்வைக்க அவர் மதிலைச் சுற்றிக்கொண்டு 400 மீட்டர் நடக்க வேண்டும். வாசலுக்கு நேர் தெற்கே 400 மீட்டர் தள்ளிக் குடியிருப்பவருக்கும் அதே நடைதான். பூங்காவிலிருந்து இருவரும் ஒரே தூரம்!

வரைபடம் இதைக் காட்டாது. திட்டமிடுபவர்கள் வழக்கமாகப் பூங்காவின் எல்லையிலிருந்து 300 மீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் வரைந்து, அதற்குள் இருப்பவர்களுக்கெல்லாம் பூங்கா கிடைத்துவிட்டதாகக் கணக்கெழுதுவார்கள். அந்த 300 ஒன்றும் தானாக முளைத்த எண் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2017இல் வெளியிட்ட பரிந்துரை, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் வரை பொதுப் பசுமைவெளி இருக்க வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட ஐந்து நிமிட நடை. ஆனால் அதுவும் நேர்கோட்டுத் தூரம். மனிதர்கள் காக்கையைப் போலப் பறந்து போவதில்லையே.

நம் கற்பனைப் பூங்காவுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளையத்துக்குள் அகப்படும் நிலம் சுமார் 52 ஹெக்டேர். தெருவழியே 300 மீட்டருக்குள் நடந்து அந்த ஒற்றை வாசலை அடையக்கூடிய நிலமோ 13 ஹெக்டேர்தான். காகிதத்தில் இருப்பதில் கால்பங்கு. இப்போது நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு வாசல் வையுங்கள். 13 ஹெக்டேர் 28 ஆகிவிடுகிறது. கூடுதலாக ஒரு சதுர அடி நிலம் வாங்கவில்லை, ஒரு மரம் நடவில்லை. மூன்று கதவுகள், அவ்வளவுதான். புதிய பூங்காத் திட்டங்களில் செயற்கை நீரூற்றுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியாவது வாசலுக்குக் கொடுத்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

"வாசல் கூடினால் காவல் குறையுமே" என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அனுபவம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன இடம். பூங்காவின் தரை தெருமட்டத்தைவிட உயரம். சுற்றிலும் இரும்புவேலி, அதையொட்டி அடர்ந்த புதர்வேலி. நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. உள்ளே இருப்பவருக்கு அவசரமென்றால் வெளியேறும் வழி எளிதாக அகப்படாது. மனிதர்கள் பொது இடங்களில் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று கேமரா வைத்து ஆராய்ந்த வில்லியம் வைட் என்பவர் இதைப் பார்த்துவிட்டுச் சொன்ன மருந்து: மறைப்பை எடுங்கள், நுழைவழிகளை அகலமாக்குங்கள். 1992இல் பூங்கா மறுபடி திறந்தபோது புதர்வேலிகள் போயிருந்தன. தரையில் பிணைக்காத நாற்காலிகள் வந்திருந்தன. வருகிறவர் தன் விருப்பப்படி நிழலுக்கோ வெயிலுக்கோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கூட்டம் வந்தது, கூட்டத்தின் கண்களே காவலாகிவிட்டன.

விளிம்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். பிலடெல்பியாவுக்கு 1682இல் போட்ட நகரத் திட்டத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் நான்கு சதுக்கங்கள் இருந்தன. நகர வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அவற்றை ஒப்பிட்டு எழுதினார். அவற்றில் ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் மட்டும் காலை முதல் இரவு வரை களைகட்டியது. காரணம் உள்ளே இல்லை. அதைச் சுற்றி வீடுகளும் கடைகளும் அலுவலகங்களும் கலந்திருந்ததால், ஒவ்வொரு நேரத்துக்கும் ஒவ்வொரு வகை ஆட்கள் வந்தார்கள். அலுவலகங்கள் மட்டுமே சூழ்ந்த பூங்காவில் உணவு இடைவேளைக்குப் பின் ஆள் இருக்காது.

வாசலின் அகலம் யாரை உள்ளே விடும், யாரைத் தடுக்கும் என்பதற்கு வியன்னா நல்ல உதாரணம். பத்து வயதை நெருங்கியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைகிறது, சிறுவர்கள் வருவது குறையவில்லை என்று 1990களில் அங்கே நடந்த ஆய்வு கண்டது. பந்தாடும் களத்தைச் சுற்றிக் கம்பிவலை; உள்ளே போக ஒரே குறுகலான வழி; அந்த வழியிலேயே நின்றுகொண்டு பையன்களின் கூட்டம். அவர்களைத் தாண்டிப் போக யாருக்கு மனம் வரும்? நுழைவழிகளை அகலப்படுத்தினார்கள், எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பெரிய திறந்தவெளியைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். அறிவிப்புப் பலகையோ விழிப்புணர்வு முகாமோ தேவைப்படவில்லை.

பூங்கா தரும் குளிர்ச்சியும் விளிம்பைக் கடந்துதான் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். பகலில் நிழலும் இலைகளின் நீராவிப்போக்கும் வேலை செய்கின்றன: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.7 கிலோவாட்-மணி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இரவில் திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிரும். அதன்மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, தரையோடு ஊர்ந்து அக்கம்பக்கத் தெருக்களில் பரவுகிறது. தரையை ஒட்டிப் போவதால், இடைவெளியில்லாத மதில் அதைத் தேக்கிவிடும், கம்பிவேலி தேக்காது. மெக்சிகோ நகரின் மிகப்பெரிய சப்புல்தெபெக் பூங்காவில் அளந்தபோது, குளிர்ச்சி ஏறக்குறைய பூங்காவின் அகலத்தளவு தூரம் வரை, சுமார் 2 கிலோமீட்டர், வெளியே எட்டியது தெரிந்தது. சின்னப் பூங்காவின் குளிர்ச்சி இரண்டு மூன்று தெருக்களைத் தாண்டினால் அதிகம்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமான இயந்திரங்கள் ஏறி இறங்கிய மண் இறுகிவிட்டால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டாது. மரம் வரப்போகும் இடங்களுக்கு வேலை தொடங்கும் முன்பே தடுப்புப் போட்டுவிட வேண்டும். பிறகு உரம் கொட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

நெருக்கமான பகுதிகளில் 4 ஹெக்டேர் சேர்ந்தாற்போல எங்கே கிடைக்கும்? போருக்குப் பிந்தைய ஆம்ஸ்டர்டாமில் இதே சிக்கல். 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்தில் மணல்குழி, சில கம்பிகள், பெஞ்சுகள் வைத்து ஒரு விளையாட்டிடம் அமைத்தார். அதைப் பார்த்த பிற தெருக்காரர்கள் எங்கள் தெருவிலும் காலிமனை இருக்கிறது என்று நகராட்சிக்கு எழுதத் தொடங்கினார்கள். 1978 வரை எழுநூறுக்கும் மேற்பட்டவை உருவாயின. பெரும்பாலானவற்றுக்கு வேலியே இல்லை.

நம் 4 ஹெக்டேரையும் அப்படி 50 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் 16 துண்டுகள் கிடைக்கும். மொத்த எல்லை நீளம் 800 மீட்டரிலிருந்து 3,200 மீட்டராகிறது. அத்தனை வீடுகள் கூடுதலாகப் பூங்காவைத் தொடுகின்றன. விலையும் உண்டு: 50 மீட்டரில் கால்பந்து மைதானம் அடங்காது, குளிர்ச்சியும் தொலைவு போகாது, பராமரிப்புக்கு 16 இடங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் வாழும் பகுதி என்றால் நான் துண்டுகளின் பக்கம். வாலிபர்கள் நிறைந்து, வெப்பம் தகிக்கும் பகுதி என்றால் ஒரே பெரிய பூங்கா, நான்கு பக்கமும் வாசலோடு.