ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டால் போதுமா? கம்ப்யூட்டர் பாகங்கள் சேரும் விதம்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களில் பலர் பாகம் வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போகிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது 40 கிலோமீட்டர். தருமபுரியில் இருந்து என்றால் சுமார் 130 கிலோமீட்டர். வாங்கி வந்தது சேரவில்லை என்றால் மாற்றுவதற்கே இன்னொரு நாள் போய்விடும். அதனால் எது எதோடு சேரும், ஏன் சேரும் என்று பஸ் ஏறும் முன்பே புரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பாகம் அதன் இடத்தில் உட்காருவது வேறு. உட்கார்ந்த பிறகு அதற்குச் சரியான மின்சாரம் கிடைப்பதும், மதர்போர்டு (பாகங்களையெல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை) அதை இன்னதென்று அடையாளம் காண்பதும் வேறு. கடையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான்.

பிராசஸரில் இருந்து ஆரம்பிக்கலாம். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெலின் எல்ஜிஏ 1700 என்ற பெயரில் இருக்கும் எண், அந்தச் சாக்கெட்டில் உள்ள பின்களின் எண்ணிக்கை. 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறை பிராசஸர்களும் இதில் உட்காரும். ஏஎம்டியில் ஏஎம்4, 2022-இல் வந்த ஏஎம்5 என இரண்டு சாக்கெட்டுகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் பிராசஸர் மற்றதில் நுழையவே நுழையாது, ஆகவே அங்கே ஏமாற வழியில்லை. ஏமாற வைப்பது எல்ஜிஏ 1151 போன்றவைதான். இன்டெலின் 6 முதல் 9 வரையிலான தலைமுறைகளுக்கு அதே பெயர், அதே 1151 பின். ஆனால் 8-ஆம் தலைமுறையில் கோர்களின் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) எண்ணிக்கை கூடியது, மின்சாரத் தேவையும் கூடியது. முன்பு சும்மா இருந்த பின்களில் சிலவற்றை மின்சாரத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் 8-ஆம் தலைமுறை பிராசஸர் பழைய 100, 200 வரிசை சிப்செட் (மற்ற பாகங்களைப் பிராசஸரோடு இணைக்கும் சிப்) உள்ள போர்டுகளில் அழகாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் சாக்கெட் பெயரோடு சிப்செட் பெயரையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது பயாஸ். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. சுவிட்ச் போட்டதும் பிராசஸர் முதலில் படிப்பது ஹார்ட் டிஸ்க்கை அல்ல, மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் பதிந்திருக்கும் பயாஸை. இன்ன பிராசஸருக்கு எவ்வளவு வோல்டேஜ் கொடுப்பது, ராமை எப்படித் தயார் செய்வது என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. போர்டு தயாரான பிறகு சந்தைக்கு வந்த பிராசஸரைப் பற்றி அதற்குத் தெரிய வழியில்லை. ஏஎம்4 சாக்கெட் உள்ள பி450 போர்டு ஒன்று பழைய பயாஸோடு கடையில் கிடந்திருந்தால், அதில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸரைப் பொருத்தும்போது ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது. பிராசஸர் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. பயாஸை அப்டேட் செய்தால் தீர்ந்துவிடும். பிராசஸரே இல்லாமல் பென்டிரைவ் வழியாக அப்டேட் செய்யும் பட்டன் சில போர்டுகளில் இருக்கிறது. இல்லாவிட்டால் கடையிலேயே செய்து தரச் சொல்லிவிடுங்கள். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் எந்தப் பிராசஸருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும்.

ராமில் டிடிஆர்4, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. அது காரணத்தோடுதான். டிடிஆர்4-க்கு வேண்டிய 1.2 வோல்ட்டை மதர்போர்டே தயார் செய்து அனுப்புகிறது. டிடிஆர்5 ஸ்டிக்குக்குப் போவதோ 5 வோல்ட், அதை 1.1 ஆகக் குறைக்கும் சிப் அந்த ஸ்டிக்கிலேயே இருக்கிறது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4-க்கு ஒரு மாடல், டிடிஆர்5-க்கு இன்னொரு மாடல் என்று வரும், பெட்டியைப் படித்து வாங்குங்கள். அப்புறம், டிடிஆர்5 சிஸ்டம் முதல் முறை ஆன் ஆகும்போது ராமைச் சோதித்துச் சரிசெய்ய சில நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். திரை கருப்பாக இருக்கிறதே என்று உடனே ஆஃப் செய்ய வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு ஒரு வரி போதும்: மெல்லிய எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் எல்லாமே பழைய, வேகம் குறைந்த சாட்டா வகையை ஏற்காது, வேகமான என்விஎம்இ வகை வாங்கினால் பெரும்பாலும் தொல்லையில்லை. கேபினட்டைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டின் நீளமும் கூலரின் உயரமும் உள்ளே அடங்குமா என்று மில்லிமீட்டர் கணக்கில் பாருங்கள்.

பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். இன்டெலின் ஐ5-12400எஃப் பிராசஸர் அதிகபட்சம் 117 வாட் இழுக்கும், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 170 வாட். மற்றதெல்லாம் சேர்த்தால் 340 வாட் பக்கம் வரும். ஆனாலும் என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் கணக்கைத் தாண்டி இழுக்கும், அந்த நேரத்தில் எஸ்எம்பிஎஸ் தாங்காவிட்டால் சிஸ்டம் அப்படியே அணைந்துவிடும். இன்னொன்று: பெயரில் எஃப் உள்ள இன்டெல் பிராசஸரில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. கார்டு இல்லாமல் மானிட்டரில் படம் வராது.

யூபிஎஸ்ஸையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று பெட்டியில் போட்டிருக்கும் பல யூபிஎஸ்கள் உண்மையில் தருவது 360 வாட்தான். மேலே சொன்ன சிஸ்டத்தில் கேம் ஓடும்போது கரண்ட் போனால், மானிட்டரும் சேர்ந்து அந்த 360-ஐத் தாண்டிவிடும்; ஃபைலைச் சேமிக்கக்கூட நேரம் தராமல் யூபிஎஸ் கைவிட்டுவிடும். இப்படிப்பட்ட சிஸ்டத்துக்கு 1000 விஏவுக்குக் குறையாமல் பாருங்கள், விஏவோடு வாட் எவ்வளவு என்றும் கேட்டு வாங்குங்கள்.