இடறல்: கல்லைப் போட்டது யார்?

ஏற்காட்டில் ஒரு சிறிய சபை. ஆராதனை முடிந்து, டீயும் பன்னும் கொடுத்த பிறகு கூட்டம். காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் எழுந்து கட்டட நிதிக் கணக்கைக் கேட்டார். கமிட்டியின் மூத்தவர் குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, புதுசா வந்த விசுவாசிங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க. இடறல் உண்டாக்காதீங்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். கையில் டம்ளரோடு நானும் அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

சபைப் பேச்சில் இடறல் என்றால், ஒருவர் விசுவாசத்தில் தடுமாறி விழக் காரணமாவது. சபைக்கு வெளியே சேலத்தில் யாரும் இந்தச் சொல்லை இப்படிப் புழங்குவதில்லை. கால் இடறியது, இடறி விழுந்தான் என்பதோடு சரி. இடறு என்பதுதான் வேர். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இறங்கும்போது கல் தட்டி, கட்டைவிரல் நகம் பெயர்கிறதே, அது இடறுதல்.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் 'ஸ்காண்டலான்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லோ முதலில் பொறியின் ஒரு பாகத்தைக் குறித்தது. இரையை மாட்டி வைக்கும் குச்சி அது. எலி தொட்டால் பொறி விழும். பிறகு தடுக்கிவிடும் எதற்கும் பெயரானது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஊர் வாயில் விழும் மானக்கேட்டைக் குறிக்கும் ஸ்கேண்டல் ஆனது. பழிதூற்றலைக் குறிக்கும் 'ஸ்லாண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வயிற்றில் பிறந்த பிள்ளைதான். தப்பு செய்ததும் தப்பை வெளியே சொன்னதும் ஒன்றாகக் குழம்பிப்போவது இன்று நேற்று வந்த பழக்கமல்ல போலிருக்கிறது.

தமிழில் கூடுதலாக ஒரு வசதி. பொறி என்றால் அதை வைத்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். இடறல் என்றாலோ பார்வை நடந்தவன்மேல் போகிறது: "பார்த்து நடக்கக் கூடாதா?" பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு நற்செய்தி 18:6-ஐ எடுத்துப் பாருங்கள். "இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன்" கழுத்தில்தான் ஏந்திரக்கல்லை, அதாவது மாவரைக்கும் கல்லை, கட்டச் சொல்கிறது. விழவைத்தவன் கழுத்து அது. விழுந்ததைச் சொன்னவனை அந்த வசனம் ஒன்றும் செய்யவில்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த திருவிவிலியத்தில் இதே இடம் "பாவத்தில் விழச்செய்வோருடைய" என்று பட்டவர்த்தனமாக இருக்கிறது. கத்தோலிக்கரின் பழைய சொல்லான துர்மாதிரிகையும், கெட்ட மாதிரி காட்டியவர் யார் என்றுதான் கேட்கிறது.

ஆனால் நடைமுறை வேறு. அயர்லாந்தில் டப்ளின் மறைமாவட்டத்தில் பாதிரிமார் சிறுவர்களிடம் செய்த கொடுமைகள் பற்றி 2009-இல் மர்ஃபி அறிக்கை என்ற அரசு விசாரணை அறிக்கை வந்தது. புகார் வந்தபோதெல்லாம் திருச்சபை எதற்குக் கவலைப்பட்டது என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: ரகசியம் காப்பது, ஸ்கேண்டலைத் தவிர்ப்பது, நற்பெயர், சொத்து. பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. சிறியவர்களுக்காகச் சொன்ன சொல்லே சிறியவர்களின் வாயை அடைக்கப் பயன்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் ஆறாம் நூற்றாண்டிலேயே போப் முதலாம் கிரகோரி, உண்மையால் இடறல் வருமானால் வரட்டும், உண்மையைக் கைவிடுவதைவிட அது மேல் என்று எழுதிவைத்துவிட்டார். நான் கேட்ட பிரசங்கம் எதிலும் அது வந்ததில்லை.

சரி, ஸ்காண்டலானுக்கு நேர்த் தமிழ் எது? ஊழல் என்றால் காசு விவகாரத்தோடு நின்றுவிடும். அவதூறு என்றால் பொய்ப்பழி, அது நேர் எதிர். ரோமர் 14:13-இல் இடறலோடு ஜோடியாக வரும் 'தடுக்கல்' பரவாயில்லை, கேட்கும்போதே காதில் ஒரு 'கல்' விழுகிறது. என் ஓட்டு 'கண்ணி'க்கு. மூலத்துக்கும் அதுதான் நெருக்கம். கணக்கு கேட்ட பையனிடம் "கண்ணி வைக்காதீங்க கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். "நானா?" என்று திருப்பிக் கேட்டிருப்பான்.

அன்றைய மினிட்ஸ் புத்தகத்தைப் பிறகு ஒருமுறை பார்க்க நேர்ந்தது. "இடறல் நீங்க ஜெபிக்கப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. கட்டட நிதி பற்றி ஒரு வரி இல்லை.